கரைக்கு இழுத்த புள்ளி

அல்லித்தாங்கல் ஏரியின் நட்டநடுவில், ஆள் நிற்கவே முடியாத இடத்தில், ஒரு சாம்பல் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

சுகிர்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். யாரோ போனில் லொகேஷனைச் சரியாக ஆன் செய்யாமல் படம் அனுப்பியிருக்கிறார்கள். இப்படித்தான் ஊத்துக்கோட்டைக்காரர் ஒருவர் வங்காள விரிகுடாவுக்குள் நின்று தண்ணீர் எடுத்ததாக ஒருமுறை வரைபடம் சொன்னது. மனிதர் அப்போது தன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

திருவள்ளூர்ப் பக்கத்து நன்னீர் ஏரிகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டும் இணையதளம் அது. கரையோர ஊர்க்காரர்கள் காது வைத்த வெள்ளை எனாமல் டம்ளரில் ஏரித்தண்ணீரை மொண்டு, ஒரு கையில் பிடித்து, மறு கையால் படம் எடுத்து அனுப்புவார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான். அப்போதுதான் ஏரிக்கு ஏரி தண்ணீரின் நிறத்தை ஒப்பிட முடியும். கவரைப்பேட்டையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சுகிர்தா 'ஏற்றுக்கொள்' என்ற பட்டனை அழுத்தினால் புள்ளிக்கு நிறம் வரும். பொன்னேரியில் இருப்பவரும் பூண்டியில் இருப்பவரும் அந்த நிமிடமே அதைப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் விழுந்துவிட்ட புள்ளிகளை இழுத்துப் பக்கத்துக் கரையில் வைப்பதும் அவள் வேலை. அதற்கு அவள் யோசிப்பதேயில்லை.

ஆனால் அல்லித்தாங்கலிலிருந்து படம் வந்தது ஆச்சரியம்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே அனுப்ப ஆள் இல்லை. அனுப்பிக்கொண்டிருந்தவள் செல்வி. அவள் டம்ளரில் தண்ணீர் எப்போதும் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். கீழே ஒரே வரிதான் எழுதுவாள்: 'இந்தத் தண்ணியத்தான் எங்க ஊர்ப் புள்ளைங்க குடிக்குது.' குடிக்க லாயக்கில்லை என்று சிவப்புப் புள்ளி வைக்க இரண்டாவது ஆளும் படம் அனுப்ப வேண்டும் என்பது தளத்தின் விதி. அந்த ஊரில் இரண்டாவது ஆள் வேலை மெனக்கெட்டு வரவில்லை. அதனால் செல்வியின் படங்கள் எல்லாம் 'பரிசீலனையில்' என்ற பெட்டிக்குள் கிடந்தன. "கரையோரம் கலங்கலா கீதுன்னுதான சந்தேகப்படறீங்க? உள்ள போய் மொண்டுக்கினு வரேன் பாருங்க," என்று ஒருநாள் போனில் சொன்னாள். போனாள். கோரைப்புல்லில் சிக்கி உடல் கிடைத்தது. போனும் டம்ளரும் கிடைக்கவில்லை.

செல்வியை நினைக்கும்போதெல்லாம் சுகிர்தா அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவாள். விதி விதிதான் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். பெட்டியைத் திறப்பது நிற்கவில்லை.

யாரோ அவள் இடத்துக்கு வந்திருக்கிறார்கள், நல்லதுதான்; விதி கேட்ட இரண்டாவது ஆளும் ஆயிற்று. அனுப்புபவர் பெயர் சுகிர்தாவின் திரையில் தெரியாது. ஏரியில் கழிவு விடும் கம்பெனிக்காரர்கள் யாரும் தேடிப்போய் மிரட்டிவிடக் கூடாது என்று பெயர்களைத் தளத்தை நடத்தும் மோகன்ராஜ் தான் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தார். படத்தில் டம்ளர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. சுற்றிலும் ஒரே இருட்டுத் தண்ணீர். சுகிர்தா புள்ளியைப் பிடித்து இழுத்து, மதகுப் பக்கம் கரையில் வைத்து, ஏற்றுக்கொண்டாள்.

வெளியே கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். கணவன் அந்தோணிக்கு சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட்; அவன் வர இன்னும் நேரம் இருந்தது. வீட்டின் பின்புறம் ஓடும் கால்வாயில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அல்லித்தாங்கலிலிருந்து வயல்களைக் கடந்து தெருவின் முதுகை உரசிக்கொண்டு போகும் பழைய ஏரிக்கால்வாய் அது. நடு அறையில் மகள் பிரின்சி தரையில் குப்புறப் படுத்து மீனுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மீன் என்றால் உயிர். டம்ளர் கொடுத்த பயிற்சி நாளில், மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் போடச் சொன்னபோது, செல்வி தன் டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு மீன் வரைந்தாள். அது வேண்டும் என்று கூட வந்திருந்த பிரின்சி அழுது புரண்டு அம்மாவின் மானத்தை வாங்கினாள். "அழாத கண்ணு, அடுத்த தபா உன் ஊட்டுக்கே கொண்டாந்து தரேன்," என்று செல்விதான் சமாதானம் செய்தாள்.

மறுபடி ஒரு படம் வந்தது.

புள்ளி இப்போது ஏரியில் இல்லை. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே வயல்வெளியில் இருந்தது. படத்தில் ஈரப்புல்லும் சேறும் தெரிந்தன. டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் நாள் முழுக்கத் துணி துவைத்தவளுடையதைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மழையில் நனைந்துகொண்டே எடுத்திருக்கிறாள் பாவம் என்று சுகிர்தா நினைத்தாள். வயலில் ஏது ஏரித்தண்ணீர்? கால்வாயில் மொண்டிருப்பாள். புள்ளியை இழுத்துக் கால்வாய்க் கோட்டின் மேல் வைத்தாள். ஏற்றுக்கொண்டாள்.

மின்சாரம் போனது. லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் சுவரில் நீலமாக விழுந்தது.

"மம்மி, கரண்ட் பூட்ச்சி!"

"வந்துடும், அங்கியே இரு."

ஜன்னல் வழியே ஒரு வாடை வந்தது. தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் வரும் காரமான வாடை அவளுக்குப் பழக்கம். இது வேறு. அழுகிய ஆகாயத்தாமரையும் சேறும் கலந்த, நாள்பட்ட தண்ணீரின் வாடை. எழுந்து ஜன்னலைச் சாத்தும்போது இன்னொன்றையும் கவனித்தாள். கால்வாயில் தவளைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. தூரத்தில் ரயில் ஒன்று போய் மறைந்தது. பிறகு தூறல் சத்தம் மட்டும்தான்.

மூன்றாவது படம் வந்தபோது புள்ளி கால்வாய்க் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை விரல் முந்திக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகுதான் படத்தைப் பார்த்தாள்.

டம்ளருக்குப் பின்னால் ஒரு மதில் சுவர். அதில் பாதி அழிந்த டைல்ஸ் கடை விளம்பரம். அந்தச் சுவரை அவள் தினமும் பார்க்கிறாள். கொல்லைப்புறம் துணி காயப்போடும்போது, கால்வாய்க்கு அந்தப் பக்கம்.

படத்தைப் பெரிதாக்கினாள். டம்ளரின் காதில் நுழைந்திருந்த கையின் கட்டைவிரலுக்கு நகம் இல்லை. நகம் இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது.

பயிற்சி நாளில் அந்த விரலைப் பார்த்திருக்கிறாள். "பிரஸ் மிஷினு கடிச்சிட்ச்சி அக்கா," என்று செல்வி சிரித்துக்கொண்டே காட்டியது.

மோகன்ராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அல்லித்தாங்கல்ல புதுசா யாரையாச்சும் போட்டீங்களா?"

"இல்லியே. இன்னாத்துக்கு?"

"படம் வந்துக்கினே கீது. யாருன்னு கொஞ்சம் பாருங்கண்ணா."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம். அது சட்டென்று நின்றது.

"சுகிர்தா, இன்னா வெளையாட்டு இது? செல்வி ஐடி காட்டுது."

சுகிர்தா சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன் எவன் கையிலயோ கெடச்சிருக்கும், பயப்படாத. நான் பிளாக் பண்றேன். அதுல பாரு, மூணு தபா நீ ஓகே பண்ணிட்டே. நம்பிக்கையான ஆளுன்னு சிஸ்டம் எடுத்துக்கிச்சி. பிளாக் ஆவுற வரைக்கும் உன்னக் கேக்காமலே ஏறும்."

அந்த விதியை வேலை மிச்சமாகட்டும் என்று கேட்டு வாங்கியது சுகிர்தாதான். போனை வைத்துவிட்டு, மூன்று புள்ளிகளையும் திரும்ப ஏரிக்குள் தள்ளிவிடப் பார்த்தாள். எத்தனை முறை இழுத்தாலும் அவை நகரவில்லை. ஏற்றுக்கொண்ட புள்ளி நகராது. அதுவும் விதிதான்.

நடு அறைக்கு ஓடிப் பிரின்சியைத் தூக்கிவந்து முன்னறை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிள்ளையின் உடம்பு கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பை விட மனமே வரவில்லை. கொல்லைக் கதவு நினைவுக்கு வந்தது.

"எந்திரிக்கக் கூடாது. மம்மி கொல்லக் கதவச் சாத்திட்டு வந்துர்றேன். இன்னா?"

"செரி மம்மி."

போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடு அறையைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். கொல்லைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் இடுக்கில் மழை. அதற்கப்பால் கால்வாய். யாரும் இல்லை. கதவை அறைந்து சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். மூச்சு வந்தது. கதவில் முதுகைச் சாய்த்து, 'இயேசப்பா' என்றாள். இனி யாரும் உள்ளே வர முடியாது.

கால் ஈரமாக இருந்தது.

டார்ச்சைத் தரையில் அடித்தாள். கதவருகே சேறு. சேற்றில் ஒரு பாதச்சுவடு. அடுத்து இன்னொன்று. வெறுங்கால். விரல்கள் விரிந்த, உப்பிய பாதங்கள். எல்லாமே வீட்டுக்குள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

தடங்கள் சமையலறையைக் கடந்தன. அவள் இப்போதுதான் நடந்து வந்த நடு அறையைக் கடந்தன. முன்னறைக்குப் போயின.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. வரைபடத்தில் புதுப் புள்ளி. யாரும் ஏற்றுக்கொள்ளாமலே ஏறியிருந்தது. சிவப்பு. அவள் வீட்டுக் கூரைமேல். அதன் கீழே பொன்னேரியில் படம் அனுப்பும் கல்பனா அதற்குள் எழுதிவிட்டாள்: 'சுகிர்தாக்கா, இது நம்ம பிரின்சி தான? ஏன் அதும் கைல அந்தத் தண்ணி?'

படத்தில் நாற்காலியில் பிரின்சி. இரண்டு கையாலும் வெள்ளை டம்ளர். முகம் கொள்ளாத சிரிப்பு. படத்துக்கு அடியில் ஒரே வரி.

இந்தத் தண்ணியத்தான் எங்க ஊர்ப் புள்ளைங்க குடிக்குது.

"பிரின்சி! குடிக்காத!"

கத்தினாளா? சத்தம் வந்ததா? தெரியவில்லை. ஓடினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். தவழ்ந்தே நிலைப்படியைப் பிடித்தாள். வாடை மூக்கை அடைத்தது.

லேப்டாப்பின் நீல வெளிச்சத்தில் பிரின்சி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. டம்ளரின் அடிப்பாகம் சுகிர்தாவைப் பார்த்திருந்தது. அதில் சிவப்பு மீன். நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்த வெளுத்த கை ஒன்று, மருந்து புகட்டும் தாயின் பக்குவத்தோடு, பிள்ளையின் பின்தலையைத் தாங்கியிருந்தது. இன்னொரு கையின் நகமில்லாத கட்டைவிரல் டம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது. பிரின்சியின் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. கடைவாயில் வழிந்து, கவுனை நனைத்து, தரையெல்லாம் பரவி சுகிர்தாவின் முழங்காலைத் தொட்ட பிறகும், அந்தச் சின்ன டம்ளரில் தண்ணீர் தீரவில்லை.