ஸ்டடியில் எழுந்திருக்கக் கூடாது

நாமக்கல் சாலையில் பேருந்து நின்றபோதே கோழிப்பண்ணை வாடை மூக்கில் ஏறியது. நர்மதா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள், மகள் சஹானா இன்னொன்றை. பள்ளியும் விடுதியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ராசிபுரத்தில் கிடைக்காத டீச்சர் வேலை நர்மதாவுக்கு இங்கே கிடைத்திருந்தது. அதைவிடப் பெரிதாக, மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இலவசமாக ஓர் இடமும் கிடைத்திருந்தது. கணவன் ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். அவன் அனுப்புவதை நம்பி அரிசி வாங்கலாம், டாக்டர் படிப்பு வாங்க முடியாது.

வாசலில் ஒரு பலகை. இசை மன்றம், சதுரங்க மன்றம், தோட்ட மன்றம் என்று வண்ண வண்ணமாக எழுதியிருந்தது.

"அம்மா, பாட்டுக்கெல்லாம் மன்றம் வெச்சிருக்காங்க!" சஹானாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பெண்ணுக்குப் பாட்டு என்றால் உயிர்.

முதல்வர் பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே நர்மதாவிடம் ஒரு சாவியை நீட்டினார். "நீங்கதானுங்க இனி மன்றப் பொறுப்பு. பயப்படாதீங்க, வேலையே இல்ல. வருசத்துக்கு ஒருக்கா போட்டோ எடுப்போம். மத்த நாளெல்லாம் மன்ற அறை பூட்டியே கெடக்கட்டும். இங்க வர்ற பெத்தவங்களுக்கு மார்க்குதான் வேணும், மன்றம் போட்டோல இருந்தாப் போதும்."

விதிகளும் சொன்னார். வகுப்பில் மகள் 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது, 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மாலைப் படிப்பு நேரமான ஸ்டடியில் மணி அடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. எழுந்த பிள்ளை இரவுச் சாப்பாடு வரை முட்டி போட வேண்டும். எழவிட்ட டீச்சருக்கு வேலை இருக்காது.

அன்று மாலையே நர்மதாவுக்கு ஸ்டடி பார்க்கும் முறை வந்தது. பெரிய கூடம், தரையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லாத் தலைகளும் புத்தகத்தில். மின்விசிறியைத் தவிர ஒரு சத்தம் கிடையாது.

பிறகு கூடத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த மன்ற அறையிலிருந்து அது கேட்டது. இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம். சளி கட்டிய நெஞ்சு போல.

டொக். டொக். டொக்.

யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்தது. ஒரு பிள்ளைகூடத் தலை நிமிரவில்லை. சஹானா மட்டும் திடுக்கிட்டு நிமிர, பக்கத்துப் பெண் அவள் தலையை மெல்ல அழுத்திக் குனியவைத்தாள்.

நர்மதா எழப் போனாள். வார்டன் பெரியநாயகி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எந்திரிக்காதீங்க டீச்சர்," என்று காதோடு சொன்னார். "அது அறிவுச்செல்வி."

"யாருங்க அது?"

"இங்க படிச்ச புள்ளதானுங்க. போட்டோவுக்கு ஆர்மோனியத்துக்கு முன்னால உக்கார வெச்சோம். ஒருக்கா வாசிச்சுப் பாக்கோணும்னு ஆச, பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. நாங்க பாக்காமப் பூட்டிட்டோம். அதுக்கு வீசிங் வேற. இதே ஸ்டடி நேரத்துலதான் தட்டுச்சு. கத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. ஒருத்தரும் எந்திரிக்கல. நானும்தான் எந்திரிக்கல." பெரியநாயகி வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "மணி அடிச்சுப் போய்த் தொறந்தா, கதவோட சாஞ்சு கெடந்துச்சு சாமி. அப்பப் புடிச்சு தெனமும் இப்படித்தான். மணி அடிச்சா நின்னுரும்."

அந்த நேரம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா..."

"எல்லாப் புள்ளையும் அப்படித்தானுங்க கூப்புடும்," என்றார் பெரியநாயகி. "குனிஞ்சுக்குங்க."

நர்மதா குனிந்துகொண்டாள். மணி அடித்தது. சத்தம் நின்றது.

மனிதருக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் கேவலம். ஆவணிக்குள் அந்தத் தட்டல் அவளுக்கு மின்விசிறிச் சத்தத்தோடு ஒன்றாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்தினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் சேலத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். அதே பிள்ளைகள்தான் மாற்றி மாற்றி எல்லா மன்றத்துக்கும். சதுரங்கப் பலகைக்கு முன் யோசித்தவர்களே பூவாளியைப் பிடித்துச் சிரித்தார்கள். ஆர்மோனியத்துக்கு முன்னால் சஹானாவை உட்காரவைத்தார்கள். அவள் ஆசையாகத் துருத்தியை இழுத்தாள். சுருதி வரவில்லை. ஓட்டை வழியாக வெறும் மூச்சுதான் வந்தது.

"வாசிக்காத சாமி," என்றார் பாலசுந்தரம். "வாசிக்கிற மாதிரி இருந்தாப் போதும்."

சஹானா தாயைப் பார்த்தாள். நர்மதா போட்டோக்காரரைப் பார்த்தாள்.

வெளிச்சம் குறைகிறது என்று அவர் அவசரப்படுத்த, எல்லோரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். நர்மதா விளக்கை அணைத்து அறையைப் பூட்டினாள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ஸ்டடியில் சஹானாவின் இடம் காலியாக இருந்தது. மதியமே தலைவலி என்றாளே, மருந்தறையில் படுத்திருப்பாள் என்று நர்மதா நினைத்துக்கொண்டாள். போய்ப் பார்க்கலாம். ஆனால் பாலசுந்தரம் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

மூச்சு கேட்டது.

டொக். டொக்.

இன்று பலமாக இருந்தது. இரண்டு கைகளாலும் அடிப்பது போல.

"அம்மா! அம்மா!"

நர்மதா விடைத்தாளை அருகே இழுத்துக்கொண்டாள். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. தலையை இன்னும் குனிந்தாள்.

மணி அடித்தது.

தட்டல் நிற்கவில்லை.

நர்மதா ஓடினாள். பூட்டில் சாவி நுழைய மறுத்தது. கதவு திறந்தபோது உள்ளே இருட்டு, பாச்சை உருண்டை வாசம். சஹானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"கண்ணு! என் கண்ணு!"

சஹானா அழவில்லை. "வாசிச்சுப் பாக்கலாம்னு ஒளிஞ்சேன். பூட்டிட்டீங்க. தட்டாத, ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அந்தக்கா சொன்னாங்க. எங்கம்மா அந்தப் பக்கந்தான் உக்காந்திருக்காங்க, அவங்க வருவாங்கன்னு நான் சொன்னேன்."

நர்மதா மகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த உடம்பு விறைப்பாகவே இருந்தது.

"அந்தக்கா சிரிச்சாங்க," என்றாள் சஹானா.

மறுநாள் மாலை. கட்டுப் போட்ட கைகளோடு சஹானா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் தாய் ஊட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூச்சு கேட்டது. பிறகு தட்டல்.

இன்று நர்மதா எழுந்தாள். வேலை போனால் போகட்டும், இடம் போனால் போகட்டும். எல்லோரும் கேட்கும்படி நடந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. ஆர்மோனியம் மட்டும் துருத்தி விரிந்தபடி இருந்தது, அவள் பார்க்கப் பார்க்க அது மெல்லச் சுருங்கியது. கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

டொக். டொக்.

"அம்மா!"

அது அறிவுச்செல்வியின் குரல் இல்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தக் குரல் தெரியாதா?

நர்மதா மகளைப் பார்த்தாள். சஹானாவின் உதடுகள் மூடியிருந்தன.

"அம்மா... நான்தாம்மா... தொறம்மா..." சுவருக்கு அந்தப் பக்கம் சஹானாவின் குரல் விம்மியது.

கூடத்தில் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. சஹானா மட்டும் நிமிர்ந்து நர்மதாவை அமைதியாகப் பார்த்தாள்.

"உக்காருங்க டீச்சர்," என்றாள். "இன்னும் மணி அடிக்கல."