காயாத கொட்டை

நேற்று அள்ளியபோது கலகலவென்று விரலிடுக்கில் சரிந்த காபிக் கொட்டைகள் இன்று மதியம் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டின. வீட்டின் சின்ன மருமகள் ஒரு பிடியை முகர்ந்து பார்த்தாள். பழத்தின் புளிப்பு இல்லை. அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாடை.

கொட்டை காயவைக்க, பிளாஸ்டிக் தாள் போர்த்திய அந்த நீளக் கூடாரத்துக்குள் ஒரு பொட்டு மழை இறங்கியதில்லை. மருந்தும் வேண்டாம், ரசாயன உரமும் வேண்டாம், விறகெரித்து உலர்த்தவும் வேண்டாம் என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்று போட்ட கூடாரம். பழத்தோல், சருகு, செத்துப்போன நாய்கூட எருக்குழியில் மட்கி மரத்தடிக்கே திரும்பும். "நம்ம மண்ணு எதையும் வெளிய விடாது" என்று அவர் பெருமையடிக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டும். நாளைக் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மூடுபனி சரிவில் ஏறி வந்து கூடாரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டது. நிழல்மரங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. பறவைச் சத்தம் அடங்கியது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஓடிப்போய் இழுத்தாள். அசையவில்லை. யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

"ஏங்க, நீங்களா? விளையாடாதீங்க, திறங்க."

தாளுக்கு அப்பால், கணவனின் உயரத்தில் ஒரு நிழல்.

"கொட்டை இன்னும் காயலையே" என்றது அவன் குரல்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். பாப்பா எழுந்துடுவா."

"நாளைக்குக் கிளம்பணும்னு இருக்கியே. இதை இப்படியே விட்டுட்டா போவ?"

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கணவன். பின்னணியில் லாரி இரைச்சல்.

"நானும் அப்பாவும் இன்னும் டவுன்லதான் இருக்கோம்மா. பனி விலகினாத்தான் வண்டி ஏறும். பாப்பா என்ன பண்றா?"

"என்னங்க, இங்க..."

லைன் அறுந்தது.

ஆவி படிந்த தாளில் ஓர் உள்ளங்கை பதிந்தது. ஐந்து விரலும் தெளிவாக. அதைத் தொட்டாள். அவள் விரல் நனைந்தது. ஆவி படிந்திருந்தது உள்பக்கம். அதைத் துடைத்த கையும் உள்பக்கம்தான்.

பின்னால் சரசரவென்ற ஓசை. திரும்பினாள். மேடையில் பரப்பியிருந்த கொட்டைகள், அடியிலிருந்து யாரோ புரள்வதுபோல், அலையலையாய் எழுந்து தாழ்ந்தன. அலை அவள் பக்கம் வந்தது. நின்றது.

"அம்மா, இங்க ஈரமா இருக்கு."

வீட்டில் நாத்தனார் பக்கத்தில் தூங்கவைத்துவிட்டு வந்த மகளின் குரல்.

கொட்டைகளைப் பிளந்துகொண்டு ஒரு பிஞ்சுக் கை வெளியே வந்தது. மண் அப்பிய விரல்கள். மகளின் வளையல். மணிக்கட்டு. முழங்கை. தோள் வரவேண்டிய இடத்தில் தோள் வரவில்லை. கை மட்டும் நீண்டது. இன்னும் நீண்டது. அவள் முகத்தை நோக்கி, மெதுவாக, நீண்டுகொண்டே இருந்தது.