கை வைக்காத பிடி

சமையலறை மேசையில், துண்டின் மேல் கிடந்த பிஸ்டலின் இரும்பு நாக்கு உள்ளே அமுங்கியிருந்தது.

மார்லிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பிடியின் முதுகில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை போய் உட்காரும் இடத்தில் இருக்கும் நாக்கு அது. யாரும் பிடிக்காதபோது வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஓர் உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். 1911 வகைப் பிஸ்டலுக்கு அதுதான் காவல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் டெல்மர், அவளுடைய முதல் கணவன். எல்க் மான் வேட்டைக்குப் போன மலையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். பிஸ்டல் அவனுடையது. சேற்றில் விழுந்திருக்கிறது, இரவெல்லாம் பனியில் புதைந்து கிடந்திருக்கிறது. எடுத்து உதறிச் சுட்டால் சுட்டது. ஒருமுறைகூடக் குண்டு சிக்கி நின்றதில்லை.

"ராய்ஸ், இங்க கொஞ்சம் வாயேன்."

நிலவறையிலிருந்து படியேறி வந்தான் ராய்ஸ். ஊருக்குள் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். போன இலையுதிர் காலத்தில்தான் இருவருக்கும் கல்யாணம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டதற்காக, அந்தப் பிஸ்டலை நாளை கடையில் விற்பனைக்கு வைப்பதாக இருந்தான்.

அவன் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது நாக்கு வெளியே நின்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

"நீ தொடுறதுக்கு முன்னாடி உள்ள போயிருந்துச்சு."

"வயசான ஸ்பிரிங், செல்லம். என் முட்டி மாதிரி. குளிருக்கு மடங்கினா நிமிராது."

"உன் முட்டியத்தான் மாத்த முடியல. அதையாவது மாத்து, கிழவா."

சிரித்துக்கொண்டே பிடிக்குள்ளிருந்து குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவினான். குழாய்க்குள் ஒன்றும் இல்லையென்று விரல் விட்டுப் பார்த்தான். குண்டுகளைப் பழைய காப்பி டப்பாவில் போட்டு மூடி, குளிர்பெட்டியின் மேல் வைத்தான். ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டி, காலி மேகசினைத் திரும்பச் செருகினான். பிறகு, குண்டை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, உள்ளங்கை படாமல் பிடியின் பக்கங்களை மட்டும் விரல்நுனிகளால் பற்றி, விசையை அழுத்தினான். சுத்தியல் அசையவில்லை.

"பாத்தியா? கை படலன்னா விழாது. நீயும் பண்ணிப் பாரு, அப்பதான் உனக்கு நிம்மதி."

அவளும் அப்படியே பற்றினாள். அழுத்தினாள்.

டக்.

"உன் கை பட்டிருக்கும்."

"படல."

"பட்டிருக்கும், மார்லிஸ். இன்னொரு தடவை பண்ணு."

இம்முறை அவன் குனிந்து, முகத்தை அருகில் வைத்துப் பார்த்தான். அவள் உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு பென்சிலை நுழைக்கலாம், அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளிக்கு அப்பால் நாக்கு தானாக உள்ளே போனது. சுத்தியல் விழுந்தது. ராய்ஸ் பிஸ்டலை அவளிடமிருந்து வாங்கித் துண்டின் மேல் வைத்தான்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே கொண்டுபோய் வண்டில வச்சிடறேன். மொதல்ல விறகு எடுத்துட்டு வந்துடறேன், அடுப்பு அணையப்போகுது."

"போகாத, ராய்ஸ்."

"இந்தா இருக்கிற கொட்டகைக்குப் போறதுக்குள்ள என்னக் கரடியா தூக்கிட்டுப் போயிடும்?" அவள் நெற்றியில் முத்தமிட்டான். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு போனான்.

காற்று மலையிலிருந்து இறங்கி வந்து கூரைத் தகரத்தை நகத்தால் கீறுவதுபோலக் கீறிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பகல் வெளிச்சம் பனித்தூளில் கரைந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருக்க, அடுப்பில் கொதித்த மான்கறிக் குழம்பின் மிளகு வாசனையினூடே வேறொரு வாசனை மெல்ல மேலெழுந்து வந்தது. புதினா கலந்த புகையிலை. டெல்மர் கன்னத்தில் அதக்கிக்கொள்வது. திரைகளைத் துவைத்து, கம்பளத்தை மாற்றி, இந்த வீட்டிலிருந்து அவள் கஷ்டப்பட்டு விரட்டிய வாசனை. ராய்ஸுக்குப் புகையிலைப் பழக்கமே இல்லை.

குளிர்பெட்டியின் மேலிருந்து ஏதோ உருளும் சத்தம் கேட்டது. டப்பாவுக்குள். ஒன்று உருண்டு நின்றது. பிறகு இன்னொன்று.

அவள் திரும்பவில்லை. மேசையை மட்டும் பார்த்தாள்.

துண்டின் மேல் பிஸ்டலின் மேல்கூடு நிதானமாகப் பின்னால் போனது. முன்னால் பாய்ந்தது. சுத்தியல் நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டிலிருந்த சேஃப்டி கொக்கி மேலேறிப் பூட்டிக்கொண்டது. அடிபட்ட விரல்களை ஒருவன் மடக்குவதுபோல, மெல்ல, மெல்ல, நாக்கு உள்ளே போனது.

பனியில் வீசிவிட வேண்டும். கதவைத் திறந்து, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு வீசிவிட வேண்டும். ராய்ஸ் வருவதற்குள். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. பாய்ந்து எடுத்தாள்.

எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கனத்தது. குண்டுகள் முழுதும் நிரம்பிய கனம்.

விரல்களை விரித்தாள். விரியவில்லை. அவற்றின் மேல் வேறு விரல்கள் இருந்தன. காய்த்துப்போனவை. பனிக்கட்டிபோல் சில்லிட்டவை. ஒவ்வொன்றாக அவள் விரல்களைப் பிடியோடு சேர்த்து அமுக்கின. ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, விசைமேல் கொண்டுபோய் வைத்தன. புகையிலை வாசனை அவள் காதோரம் மூச்சாகப் பட்டது.

கை உயர்ந்தது.

வாசற்கதவின் கண்ணாடிக்கு அப்பால் உருவம். தாடைவரை அடுக்கிய விறகு. பூட்ஸ் காலால் கதவைத் தட்டினான்.

"கதவத் திற, செல்லம்! ரெண்டு கையும் நெறஞ்சு கெடக்கு."

ஓடு என்று கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இடக்கையால் வலக்கையைக் கீழே இழுத்தாள். மரக்கிளையை இழுப்பதுபோல் இருந்தது.

சிக்கு. இந்த ஒரு தடவை. சேறு போதவில்லை, பனி போதவில்லை. உனக்கு என்ன வேண்டும்? சிக்கிக்கொள். தயவுசெய்து.

கட்டைவிரல் சேஃப்டியைக் கீழே தள்ளியது. எண்ணெயிட்டதுபோல் இறங்கியது.

ராய்ஸ் முழங்கையால் கண்ணாடியின் உறைபனியைத் துடைத்தான். முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தான். புன்னகை பாதியில் நின்றது. அவன் பார்த்தது துப்பாக்கியை அல்ல. அவளையும் அல்ல. அவள் தோளுக்கு மேலே. ஓர் உயரமான ஆணின் முகம் இருக்கக்கூடிய இடத்தை.

அவன் கைகளிலிருந்து விறகுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பனியில் விழுந்தன. சத்தமே இல்லை.

விசை பின்னால் போய்க்கொண்டிருந்தது. தங்குதடையின்றி.