முதல் விலைக்கே படிந்த பாட்டுப் புத்தகம்

பதினோராயிரம் யூரோ.

உலகத்தில் இன்னொரு பிரதி இல்லாத, எண்ணூறு வயதான பாட்டுப் புத்தகத்துக்குத் தீல்மன் வாய்கூசாமல் சொன்ன விலை அது. சொல்லிவிட்டு மடத்துத் தலைவி மதர் எடெல்ட்ரூட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முறைத்தால் பதினைந்து, எழுந்து நின்றால் இருபத்தைந்து, கண்கலங்கினால் நாற்பது என்று ஏறுவதற்கான படிகளையெல்லாம் காரில் வரும்போதே கட்டி வைத்திருந்தான். நாற்பதில் முடிந்தால்கூட அது பகல் கொள்ளைதான்.

“சரி,” என்றார் மதர்.

தீல்மன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொலோன் நகரத்துத் துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்து, கல்லாப்பெட்டிக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவன் அவன். முதல் விலைக்கே தலையாட்டுகிறவர்களை அந்த வீட்டில் யாரும் நம்பியதில்லை. ஒன்று, ஆளுக்குக் கிறுக்கு. இல்லையென்றால் சரக்கு நாறுகிறது. மதரைப் பார்த்தால் கிறுக்கு மாதிரித் தெரியவில்லை.

பழைய புத்தக வியாபாரத்தில் அவன் போட்ட முதல் என்று பார்த்தால் அவனுடைய வாய் ஒன்றுதான். விற்கும்போது கிழிந்த ஆட்டுத்தோலைத் தங்கமாக்குவான். வாங்கும்போது தங்கத்தை ஆட்டுத்தோலாக்குவான். உழைக்கிற வாய்க்கு ருசியாகப் போடுவதிலும் அவன் குறை வைத்ததில்லை. வாய் போய்விட்டால் தீல்மன் என்று ஒருவனே இல்லை என்று பீர்க்கடையில் அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஐஃபெல் மலைச்சரிவில் இருந்த அந்தக் கெரில்டா மடத்தில் மிச்சமிருந்தது நான்கே கன்னியர். பாட்டுக்குத் தலைவியாக இருந்த சிஸ்டர் வால்பூர்கிஸ் கிறிஸ்துமஸுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். இப்போது பிப்ரவரி நடு. மத்தியான ஜெப நேரத்தில் உள்ளே வந்த தீல்மன், கோவிலில் நான்கு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு சங்கீதங்களைக் கண்ணால் மட்டும் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். நாளுக்கு ஏழு தடவை பாடுவதற்கென்றே கட்டிய மடம் அது. ஏன் பாடவில்லை என்று கேட்டதற்குத் தொண்டைக் கோளாறு என்றார் மதர். நாலு தொண்டைக்கும் ஒரே நாளிலா என்று கேட்டு, இருமல் மிட்டாய் மொத்த விலைக்கு வாங்கித் தரட்டுமா என்று தீல்மன் ஒரு ஜோக் விட்டுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. உதடு பிரிந்துவிடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

புத்தகத்தைக் கொண்டுவந்தது சமையற்கட்டு சிஸ்டர். பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையை முழங்கைவரை ஏற்றிவிட்டு, குழந்தையின் அசிங்கத் துணியைத் தூக்குவதுபோலக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சின்னப் புத்தகம். பாட்டுத் தலைவி மட்டும் கையில் வைத்துக்கொள்வது. மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துப் பின்னால் பாடுவார்கள். சுரத்துக்குக் கோடு போடாத பழைய முறை எழுத்து. வார்த்தைகளின் தலைக்குமேல் பூச்சிக்கால் மாதிரிச் சின்னச் சின்னக் கீறல்கள். இங்கே ஏறு, இங்கே இறங்கு, இங்கே நடுங்கு என்று ஜாடை காட்டும். எந்த இடத்திலிருந்து ஏறுவது என்று சொல்லாது. ஏற்கெனவே ஒருவர் பாடக் கேட்டவருக்கு ஞாபகப்படுத்த மட்டும்தான் அது உதவும். கெரில்டா புனிதைக்கென்று இந்த மடத்தில் மட்டும், அதுவும் தலைவி தனியாகவே, பாடிவந்த பாட்டுகள் இதில் இருந்தன. வால்பூர்கிஸ் அவற்றை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே போய்விட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு.

அட்டையைத் திறந்ததும் வாடை வந்தது. பழைய தோலின் வாடை அவனுக்குப் பழக்கம். அதை அவன் பூண்டு வாசனைபோல ரசிக்கவே செய்வான். இது வேறு. காலையில் பல் விளக்காத ஒரு முகம் மிகப் பக்கத்தில் வந்து பேசுவதுபோல ஒரு வாடை. ஒவ்வொரு ஏட்டிலும் வலது கீழ்மூலை, பெருவிரல் படுகிற இடம், ஈரல் நிறத்தில் கறுத்து, மெழுகு பூசினாற்போல மினுமினுத்தது. எண்ணூறு வருஷத்து விரல் அழுக்கு, அதிகம் புழங்கிய புத்தகம், நல்லது, இதற்கே ஒரு விலை கூட்டலாம் என்று நினைத்தபடி தீல்மன் எட்டு எட்டாக ஏடுகளை எண்ண ஆரம்பித்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது. அரிய புத்தகங்களை எப்படித் தொடவேண்டும் என்று அடுத்தவர்களுக்கு வகுப்பே எடுக்கக்கூடியவன்தான். ஆனால் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் கை துணிக்கடைக்குப் போய்விடும். நோட்டுக்கட்டு எண்ணும் பழக்கத்தில் பெருவிரல் தானாக நாக்குக்குப் போனது, ஏட்டுக்கு வந்தது, மறுபடி நாக்குக்குப் போனது. நாலாவது தடவைதான் அவனுக்கு உறைத்தது.

மூலை ஈரமாக இருந்தது.

பல்செட் ஊறவைத்த தம்ளர் தண்ணீர், ஆறிப்போன கொழுப்பு, யாரோ மென்று மென்று விழுங்காமல் துப்பிய ரொட்டி, எல்லாம் கலந்த ஒரு கொழகொழப்பு நாக்கின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதைவிட மோசம், அது சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு வாயிலிருந்து வந்ததுபோல, உடம்புச் சூடு.

நிமிர்ந்தான். மதர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற சிஸ்டர் மெதுவாக, ஒவ்வொரு விரலாக, கையுறையைக் கழற்றினார்.

நூற்றிநாலு ஏடு. கையெழுத்து முடிந்தது. புத்தகத்தைத் துணியில் சுற்றி, அவன் காரில் ஏறிச் சாவியைத் திருப்புவதற்குள் கோவிலிலிருந்து பாட்டு கேட்டது. நாலு பெண்கள். சுத்தமான, இளைப்பாறிய குரல்கள். தொண்டைக் கோளாறு கால்மணி நேரத்தில் பறந்துவிட்டிருந்தது.

வழியில் சாப்பாட்டுக்கடையில் நிறுத்தி, ஆப்பிள் கூழோடு உருளைக்கிழங்கு அடை வாங்கினான். முதல் வாய் வைத்ததும் அடை ஏற்கெனவே மென்றதுபோல இருந்தது. துப்பினான். பீர் குடித்தான், அது பிறர் வாய் கொப்பளித்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து பேஸ்ட், உப்பு, வினிகர், கடைசியில் தானியச் சாராயம் என்று எல்லாவற்றையும் வாயில் ஊற்றிப் பார்த்தான். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு அடியிலிருந்து அது திரும்ப ஊறிவந்தது. மறுநாள் தலையணையில் கையகலத்துக்கு ஒரு ஈரம், ஓரங்களில் பழுப்பேறி, நூல் இழுத்துக்கொண்டு. அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போடக்கூட அருவருப்பாக இருந்தது. இடுக்கியால் பிடித்துக் குப்பையில் போட்டான்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இர்ம்கார்ட் வந்தாள். பழைய ஜெபப்பாட்டுகளை ஆராய்வதிலேயே தலை நரைத்தவள், அவனோடு கல்லூரியில் படித்தவள், ஒரு அறக்கட்டளையின் பணப்பைக்கு வாசல் அவள்தான். கீறல்கள் மட்டும் என்றால் தொண்ணூறாயிரம்வரை போகலாம், மெட்டும் தெரிந்திருந்தால் அவர்கள் விலையே கேட்கமாட்டார்கள், பாவம் அந்தக் கிழவி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் செத்துப்போனாள் என்று கோட்டுகூடக் கழற்றாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

தீல்மன் காப்பி வைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் ஏதோ முனகிக்கொண்டும் இருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை.

“தீல்மன், அது என்ன?”

“எது?”

“இப்ப முனகுனியே, அது. நிறுத்தாத. அப்படியே பாடு.”

அவள் புத்தகத்தைத் திறந்து, கெரில்டாவின் பாட்டு இருந்த ஏட்டின்மேல் பென்சிலைத் தொடாமல் நகர்த்தினாள். அவன் முனக முனக, பென்சில் கீறல் கீறலாக நடந்தது. ஏற வேண்டிய இடத்தில் அவன் ஏறினான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினான். பூச்சிக்கால் நடுங்கிய இடத்தில் அவன் தொண்டை நடுங்கியது. இர்ம்கார்ட்டின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“யாருய்யா உனக்குச் சொல்லிக்குடுத்தா? உயிரோட இருக்கிற ஒருத்தருக்கும் இது தெரியாது.”

அந்த நொடியில், உள்ளதைச் சொன்னால், தீல்மனுக்கு வாயின் நாற்றம் மறந்துபோனது. மூன்று லட்சம் என்று உள்ளே ஒரு மணி அடித்தது. கேட்டுவிடலாம். மூன்றரைகூடக் கேட்கலாம். மேலே பாடினான், வரியின் பாதியில் வந்து நிறுத்தினான். மடங்களில் எல்லா வரிக்கும் நடுவில் அப்படி ஒரு நிறுத்தம் உண்டு. எல்லோரும் சேர்ந்து சும்மா இருந்து, சேர்ந்து மூச்சு வாங்கி, மறுபாதியை எடுப்பார்கள்.

அவன் மூச்சு வாங்கவில்லை.

ஆனால் மூச்சு உள்ளே போனது. ஒன்றல்ல. நாக்குக்கு அடியில் ஒன்று, கன்னத்துக்குள் ஒன்று, அண்ணத்துக்கு மேலே ஈரமாக, சளி கட்டியதாக, வயதானதாக, பல மூச்சுகள்.

இர்ம்கார்ட் மூக்கைச் சுளித்து ஓர் அடி பின்னால் போனாள். “உன் வாயில என்ன இந்த நாத்தம்? பல் டாக்டர்கிட்டப் போனியா இல்லியா?”

விலையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீல்மன் வாயைத் திறந்தான். மூன்று லட்சம். இரண்டே வார்த்தை. திறந்த வாயிலிருந்து லத்தீனில் பாட்டின் மறுபாதி வந்தது. ஒரு கிழவியின் குரலில் வந்தது. அடுத்த வரியை வேறு ஒரு கிழவி எடுத்தாள். அதற்கடுத்ததை இன்னொருத்தி, பல்லில்லாத ஈறுகளால் குழப்பிக்கொண்டு. அவன் உதடுகள் அவை கேட்கிறபடியெல்லாம் குவிந்தன, விரிந்தன. தாடையில் வழிந்தது. சட்டைக் காலரில் சொட்டியது.

ஒரு கணம் இர்ம்கார்ட் முகத்தில் சொர்க்கத்தைக் கண்ட சந்தோஷம். கேட்க ஆசைப்பட்டு அவள் கிட்டே வந்தாள். சன்னல் வெளிச்சம் அவன் வாய்க்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே பார்த்தாள்.

பென்சில் கீழே விழுந்தது. கைப்பையை எடுக்கவில்லை. படியில் இறங்கும் சத்தம், தடுமாறும் சத்தம், தெருக்கதவு.

தீல்மன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பாட்டு விரல்களுக்குள் தொடர்ந்து, முடிவதற்குரிய இடத்தில் முடிந்தது. பிறகு தொலைபேசியை எடுத்து மடத்தின் எண்ணைப் போட்டான். பேச முயன்றான். வெறும் மூச்சுதான் போனது. மறுமுனையில் மதர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கதானா,” என்றார். “சாப்பாடு எறங்குதா? கெட்டியா எதுவும் வேணாம். சூப்பு மாதிரிக் குடிங்க. வால்பூர்கிஸ் சிஸ்டர் அப்படித்தான் இருபது வருஷம் ஓட்டினாங்க.”

அவன் மூச்சு சீறியது.

“கோவப்படாதீங்க. அந்தப் பாட்டும் அதப் பாடினவங்களும் யார் வாயிலயாவது இருந்தாகணும். ஒருத்தி செத்தா அடுத்தவ அந்த மூலைய நக்கி எடுத்துக்குவா, அதுதான் எங்க வழக்கம். நாங்க நாலு பேரும் சீட்டுக் குலுக்கினோம், மூணு தடவ. பேர் வந்தவ ஒவ்வொருத்தியும் தரையில விழுந்து அழுதா. வால்பூர்கிஸ் வாயக் கடைசியா நாங்கதானே கழுவினோம். உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்கு எப்படி மனசு வரும்? எங்க யாருக்கும் எச்சில் தொட்டு எண்ணுற பழக்கம் இல்ல. உங்களுக்கு இருந்துச்சு. கடவுள் சித்தம்னு நெனச்சேன். அப்பறம், அந்தப் பதினோராயிரம் இன்னும் பாங்குக்கு வரல, பாத்துக்குங்க.”

வைத்துவிட்டார்.

குளியலறை விளக்கைப் போட்டான். கண்ணாடியில் முகம் சரியாகத்தான் இருந்தது. கன்னம் மட்டும் உப்பலாக, வாய் நிறையச் சோற்றை அடக்கிக்கொண்டவன்போல.

உதட்டை விரலால் மேலே தூக்கினான்.

அவனுடைய பற்கள் முன்னால் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு வரிசை. சிறியவை. மஞ்சளும் கறுப்புமாக, தேய்ந்து, ஓரம் உடைந்து. அதற்கும் பின்னால், அண்ணத்தின் மெத்தையில், ஈறே இல்லாமல், சதையைக் கிழித்துக்கொண்டு இன்னும் சில. ஒவ்வொன்றின் அடியிலும் வெண்மையாக ஏதோ கசிந்தது. அவை அசைந்தன. எல்லாம் சேர்ந்து அல்ல. தனித்தனியாக. பேச இருக்கிறவர்கள் அசைவதுபோல.

எண்ணினான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணத்தான் தெரியும். நாக்கு நுனியை ஒவ்வொன்றாக வைத்து. மேலே முப்பத்தொன்று. கீழே முப்பத்துநாலு. ஆக அறுபத்தைந்து. அதில் அவனுடையவை இருபத்தொன்பது, மற்றவை முப்பத்தாறு.

தப்பாக எண்ணியிருக்கலாம்.

கழுவுதொட்டியில் சின்னதாக ஏதோ விழுந்து உருண்டது. வெள்ளையாக. சொத்தையில்லாதது. அவனுடையது.

மறுபடி முதலிலிருந்து எண்ணினான். மேலே முப்பத்தொன்று. கீழே முப்பத்துநாலு. அறுபத்தைந்துதான், கூட்டல் சரி. அவனுடையவை இருபத்தெட்டு. மற்றவை முப்பத்தேழு.