முடிச்சுக்குள் சிவப்பு

"ஏனுங்க, மழை பேஞ்ச பாறைல இப்படியா ஓடுவாங்க? உழுந்தா எலும்பு தேறாதுங்க!"

விழப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் வேல்குமார் கத்தினான்.

"பிடிச்சது போதும், விடுங்க. என்ன, வளையல் எண்ணுறீங்களா?"

விட்டான். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... கோபமும் சிரிப்பும் ஒன்றாக. வீரபாண்டிச் சாயப்பட்டறையில் ஆறு வருடமாக நிறம் பார்த்தவனுக்கு அந்தக் கருப்புக்குப் பெயர் தெரியவில்லை. ஆள் அங்கேயே கவிழ்ந்துவிட்டான்!

அவள் நதியா. உசிலம்பட்டிப் பக்கம். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊதியூர் மலையில் கொங்கணச் சித்தர் குகைக்கு ஏறும் தடம் அது. ஞாயிறானால் கம்பெனி ஆட்கள் ஏறுவார்கள்.

"ஒத்தையாவா மலை ஏறுவீங்க?"

"எங்கண்ணன் முனீசு போன ஐப்பசியில இங்கதான் விழுந்து செத்துச்சு. குடிச்சுட்டு விழுந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கம்மாவே நம்பிருச்சு. அது குடிக்கவே குடிக்காதுங்க... அதை எப்படியாச்சும் நிரூபிக்கணும்."

வேல்குமார் இரண்டடி பின்தங்கினான்.

வழி இரண்டாகப் பிரிந்தது. இரு பக்கமும் மரத்தில் பனியன் துணிக் கிழிசல்கள். சிவப்பு கட்டியிருந்தால் குகைக்கு வழி, வெள்ளை என்றால் பள்ளம். இப்போது இரண்டுமே வெளுத்துத் தொங்கின. நதியா ஒன்றின் முடிச்சை அவிழ்த்தாள். மழை படாத மடிப்புக்குள் ரத்தச் சிவப்பு!

"சாயம் போயிருக்கு... வழி தெரியாமத்தான் அண்ணன்..."

வேல்குமார் வாயை மூடிக்கொண்டால் போதும். அவளோடு பேசிச் சிரித்தபடி கீழே இறங்கிவிடலாம். அந்த ஆசை அவனைப் பிய்த்துத் தின்றது.

"வழிக்கு அடையாளமா இதக் கட்டுனது நானுங்க," என்றான். "சாயம் நிக்காத ரிஜெக்ட் துணின்னு தெரிஞ்சேதான் கட்டுனேன். குடிச்சுட்டு உழுந்தாருன்னு சொன்னாங்க... நானும் அதையே கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். உங்களப் புடிச்சுப் போச்சுங்க. அதனாலதான் மறைக்க முடியல."

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கம் திரும்பவேயில்லை. இனி அந்தக் கண்கள் தன்னைப் பார்க்காது என்று நினைத்தான்.

"எங்கம்மாட்ட வந்து சொல்லணும். இன்னைக்கே."

"வர்றேனுங்க. செருப்புல அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

முன்னே இறங்கியவள் நின்றாள்.

"துணி கட்டுனதை மட்டும் சொல்லுங்க. பிடிச்சுப் போச்சுன்னீங்களே... அதைச் சொல்லிறாதீங்க. அது எங்கிட்டயே இருக்கட்டும்."