செலம்பரம் போன வண்டி

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"தலையில அடிச்சுட்டுதான் வாய்க்கால்ல போட்டிருக்காங்க... கொலைதான்."

செத்தவர் தேவநாதன். கடலூர் பக்கத்துக் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஒன்றின் முதலாளி. பிணம் கிடைத்தது சிதம்பரத்தில்.

கைவிலங்கோடு ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தவன் கம்பெனி டிரைவர் செம்பியன். பக்கத்தில் அவன் தங்கை எழிலரசி. அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். அண்ணனை உள்ளே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. பயந்தால் கோபம் வரும் ஜாதி அவள்.

"அன்னிக்கு எங்கண்ணன் திட்டக்குடிதான் சார் போனாரு."

"கம்பெனி கேட் கம்ப்யூட்டரு செலம்பரம்னு சொல்லுதே... அது பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது. ஆளு சொல்லும்."

மேனேஜர் திருநாவுக்கரசு கால்மேல் கால் போட்டிருந்தார்.

"திமிரப் பாருங்க சார். அண்ணனோட சேத்து இவளையும் உள்ள போடுங்க."

"இருங்க. நீங்க வாட்ஸப்ல அனுப்புன கம்ப்ளைண்ட்ல ஏகப்பட்ட தப்பு. மொதல்ல அதத் திருத்துங்க."

"ஸ்கூல்ல தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தவன் சார் நான். காதுல கேக்குற மாதிரி இங்கிலீஷ்ல அடிப்பேன். போனே தமிழாக்கிடும்."

அதில் பெருமை வேறு!

எழிலரசி லேப்டாப்பைத் திறந்தாள். கேட் பைல். வண்டி, டிரைவர், போன ஊர் என்று கமா போட்டுப் பிரித்த வரிகள்... ஆயிரக்கணக்கில். பைத்தானில் நாலு வரி தட்டினாள். ஊர்ப் பெயர்களை மட்டும் உருவி 'செட்' என்ற பட்டியலில் போட்டால், ஒரே பேர் எத்தனை தடவை வந்தாலும் ஒன்றாகத்தான் நிற்கும்.

"கேட்டுல யாரும் டைப் அடிக்கிறதில்ல சார். நாலு ஊருக்கு நாலு பட்டன், அமுக்குறதோட சரி. அப்ப நாலு பேருதான வரணும்?"

ஸ்கிரீனைத் திருப்பினாள்.

கடலூர். கிள்ளை. திட்டக்குடி. சிதம்பரம்.

செலம்பரம்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அஞ்சாவது எங்கேருந்து வந்துச்சு?"

"பைல் முழுக்க அது ஒரே வரியிலதான் இருக்கு... எங்கண்ணன் வரியில. யாரோ திட்டக்குடிய அழிச்சுட்டு கையால அடிச்சிருக்காங்க."

மேனேஜர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நொண்டியது.

"சிதம்பரத்த இந்த ஊர்ல எல்லாருந்தான் செலம்பரம்னு சொல்றாங்க."

"சொல்லுவோம்," என்றார் கலியமூர்த்தி. "எழுத மாட்டோம்."

தன் போனை எடுத்தார். காலையில் வந்த புகாரைச் சத்தமாகப் படித்தார்.

"டிரைவர் செம்பியன்... வண்டிய எடுத்துக்கிட்டு... செலம்பரம் போனான்."

மேனேஜரின் மேல்கால் கீழே இறங்கியது.

செம்பியன் கையிலிருந்து கழன்ற விலங்கு, சூடு ஆறுவதற்குள் மேனேஜர் கையில் ஏறியது.

"ஒழைச்ச என்னை அந்த மொதலாளி நாய் மாதிரி போடான்னான் சார்..." மேனேஜர் முனகினார். "அதான் அடிச்சேன்."

எழிலரசி லேப்டாப்பை மூடினாள்.

"பேருக்கேத்த ஆளுதான் சார் நாவுக்கரசு... நாக்காலயே மாட்டிக்கிட்டாரு."