முதல் பெயர்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே பதிய அறை வாசலில் வரிசை நிற்கும். நரம்பியல் முனைவர் பட்ட மாணவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். அது ஒன்றுதான் கெடுபிடி. அங்கே கம்பிகள் தொங்கும் குல்லாயை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால், நெறியாளரின் கைத்திறன் மாணவரின் மூளையில் வேர்பிடித்துவிடும். பயப்படாதீர்கள் கண்ணுகளே, வலிக்காது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடுகிறோமே, அந்த மாதிரிதான்.

பூங்கோதைக்கு இது மூன்றாம் ஆண்டு. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் வேதமூர்த்தி முப்பது ஆண்டுகள் பழகியதெல்லாம் இப்போது அவள் கையில். எலியின் மூளையை வெங்காயச் சருகுபோலச் சீவுவாள், விரல் அசையாது.

விடுதி அறைக்குத் திரும்பினால், அக்கா மங்கையர்க்கரசி தலை வாரிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே பூங்கோதை சீப்பைப் பிடுங்கினாள்.

“என் சீப்பை ஏன் எடுத்த? திருட்டுக் கும்பல்!”

“கும்பலா? நான் ஒருத்திதானேடி இருக்கேன். இது நீ பேசல, கோதை. உன் வேதமூர்த்தி பேசுறார்.”

“உன் இசக்கிமுத்து மட்டும் யோக்கியரோ?”

இசக்கிமுத்து அக்காவின் நெறியாளர். அவரும் வேதமூர்த்தியும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று முட்டிக்கொண்டு பிரிந்தவர்கள், இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. திறனைப் பதியம் போட்டால் அந்தப் பகையும் சேர்ந்தே வேர்விடும். இரு தரப்பு மாணவர்களும் உணவுக்கூடத்தில் எதிரெதிர் மூலையில்தான் உட்காருவார்கள். அக்கா தங்கை இவர்கள் இரண்டு பேருக்கோ அம்மா ஒருத்தி.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நேத்து நீ படியில இறங்கும்போது பின்னாலேர்ந்து தள்ளிவிடலாமான்னு தோணிச்சு. உன்னை! உனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தவ நான்.”

“தள்ளியிருக்கலாமே. உங்க ஆளுங்களுக்கு முதுகுப் பக்கம்தானே வசதி?”

“வடிகட்டிடலாம்டி. இந்த வாரம் விட்டா வேர் இறுகிடும்.”

பதியத்தை வடிகட்டினால் பகை போய்விடும். அதோடு பின்னிக்கிடக்கும் கைத்திறனும் போய்விடும். அப்புறம் கை நடுங்கும், பட்டம் கிடையாது.

“நீ முதல்ல போ. அப்புறம் நான் போறேன்,” என்றாள் பூங்கோதை.

மறுநாள் மதியம் அக்கா வடிகட்டிக்கொண்டு திரும்பிவந்தாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி தரையில் சிந்தியது. ஆனால் முகத்தில் அப்படியொரு தெளிவு.

“கோதை, உன்னைப் பார்த்தா ஆசையா இருக்குடி. எத்தனை மாசமாச்சு! கிளம்பு, பதிய அறை வாசல் வரைக்கும் நானும் வரேன்.”

பூங்கோதை அந்த நடுங்கும் விரல்களையே பார்த்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கைப்பேசியை எடுத்தாள்.

“ஐயா, அவங்க பக்கம் ஒரு ஆள் காலி.”

மறுமுனையில் வேதமூர்த்தி சிரித்தார். அதே சிரிப்பு, அதே நொடியில், பூங்கோதையின் தொண்டையிலிருந்தும் வந்தது.